யாரோ தந்த இரத்தத்தில் செய்த பசை

கண்ணு,

இதைப் படித்து முடிக்கும்வரை எனக்குப் போன் பண்ணாதே. பாதியில் பண்ணினால் நான் அழுதுவிடுவேன். நீ "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கம்மா" என்பாய். பேச்சு அங்கேயே முடிந்துபோகும். கொஞ்ச நாளாக நம் வீட்டில் எல்லோரும் இந்த ஒரே வார்த்தையைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீ எனக்குச் சொல்கிறாய், நான் அப்பாவுக்குச் சொல்கிறேன், அப்பா டாக்டருக்கே சொல்கிறார். சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடிக்கொண்டுதான் போகிறது. நாளை மறுநாள் உன்னையும் அப்பாவையும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதற்கடுத்த நாள் காலையில் உன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து அப்பாவுக்கு வைக்கப்போகிறார்கள். ஒரே நாளில் என் புருஷனும் என் ஒரே பிள்ளையும் வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருக்கப் போகிறீர்கள். இதற்குப் பயப்படாமல் நான் வேறு எதற்குப் பயப்பட வேண்டும், சொல்.

வீட்டில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அப்பா கண்ணைத் திறந்தால் நான் தெரிய வேண்டும் அவருக்கு. அதனால் நம் பம்ப் யூனிட்டுக்கு வந்து, ஆபீஸ் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெளியே லேத் ஓடுகிறது. சூலூரில் இந்தக் கொட்டகையில் அப்பாவும் நானும் பம்ப் செய்ய ஆரம்பித்தபோது நீ பிறக்கவே இல்லை. அவருக்கு லேத்தில் கடைசல் வேலை, எனக்குத் தண்ணீர் டெஸ்ட். பம்ப்பின் கூட்டை எல்லாப் பக்கமும் அடைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நீ கிண்டல் செய்வாய், "எங்கம்மா பார்வைக்குத் தப்பி ஒரு சொட்டு வெளிய வராது" என்று. அந்தப் பார்வைதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் ஒழுங்காக வராது. அப்பாவுக்கு ஈரல் சுருங்கிவிட்டது, மாற்றினால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, முதலில் கையைத் தூக்கியது நான். குடிக்காத மனுஷன், ஒரு கல்யாண விருந்தில் கூட சோடாவுக்கு மேல் தொட்டதில்லை, அவருக்கா இந்த நோய் என்று நான் அழுதபோது, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தாலும் ஈரல் இப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார். சரி, என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் ஸ்கேனில் படுத்தேன். என் ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்கிறதாம், தர முடியாதாம். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார், அன்றைக்கு ஸ்கேனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ யாரையும் கேட்கவில்லை. பெருந்துறையில் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாய். "அம்மா, என்னோடது செட் ஆகுதுங்களாம்." ஏதோ பம்ப்புக்கு ஒரு நட்டு செட் ஆகிற மாதிரி. நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். வேறு என்ன கேட்பது? வேண்டாம் என்றால் உன் அப்பாவைச் சாகச் சொல்வதாகும். சரி என்றால் உன்னைக் கத்திக்கு அனுப்புவதாகும். அன்றைக்கு உனக்கு நான் தோசை ஊற்றிக்கொண்டே இருந்தேன், நீ போதும் போதும் என்று சொல்லியும்.

மாமாவுக்கு விஷயம் தெரிந்ததும் வந்து உட்கார்ந்துகொண்டார். உனக்குத் தெரியுமே உன் மாமாவை, என் அண்ணன் என்பதற்காக நான் ஒன்றும் மறைக்கப் போவதில்லை. "ஏம்மணி, பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. வவுத்துல இத்தாசோட்டுப் பெரிய தழும்பு இருந்தா எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். "தழும்பைப் பார்த்துப் பொண்ணு குடுக்காதவன் ஊட்டுல எம்பையன் எதுக்குங்கண்ணா மாப்பிள்ளையாப் போகோணும்?" என்றேன். ஆனால் உனக்குச் சொல்கிறேன், நாளைக்கு ஒரு பெண் வீட்டில் பேச்சு வந்தால் முதல் பேச்சிலேயே இதைச் சொல்லிவிடு. ஜாதகத்தை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. மறைத்துக் கட்டிக்கொண்டு பிறகு ஆயுசுக்கும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு திரிய வேண்டாம்.

ஆனால் தழும்பு வெளியே இருப்பது. அதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. என் பயமெல்லாம் உள்ளே வெட்டுகிற இடத்தைப் பற்றித்தான். முதல் தடவை டாக்டர் படம் போட்டுக் காட்டினாரே, ஈரலை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் அப்பாவுக்கு, இந்தப் பக்கம் உனக்கு என்று. நீயும் அப்பாவும் அப்பாவுக்குப் போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உன்னிடம் மிச்சம் இருக்கிற பக்கத்தைப் பார்த்தேன். அந்த வெட்டுமுகம். தோல் இல்லாமல், மூடி இல்லாமல், பச்சையாக ஒரு முகம். ஈரல் என்பது ரத்தத்திலேயே ஊறிக் கிடப்பது. கறி வாங்குகிறபோது பார்க்கிறோமே, கத்தி பட்டால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் எல்லாப் பக்கமும் ஊறும். அதை எப்படி அடைப்பார்கள்? தையல் போடலாம், எங்கே என்று போடுவது? இதைத்தான் கேட்டேன். "பெரிய குழாயெல்லாம் கட்டிருவோமுங்க, சின்னதைச் சூடு வெச்சு அடைச்சிருவோம், கடைசியா மேல ஒரு பசை பூசிருவோமுங்க" என்றார் டாக்டர். பசை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் உன் உள்ளங்கையைப் பார்த்தேன். நீ கவனிக்கவில்லை.

ஏன் என்று உனக்கு மறந்திருக்கலாம். ஒன்பதாவது படிக்கிறபோது, லீவு நாளில் யூனிட்டுக்கு வந்து வார்ப்பு இரும்பின் கூரான பிசிறில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாய். ரத்தம் நிற்கவில்லை. நம் பட்டறைகளில் கை வெட்டினால் என்ன செய்வார்கள்? கேஸ்கெட் ஒட்டுகிற ஷெல்லாக்கை எடுத்துத் தடவி ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பம்ப்பில் தண்ணீரை நிறுத்துகிற பழுப்புப் பசை கையில் ரத்தத்தையும் நிறுத்தும் என்பது இங்கே எல்லோருடைய வைத்தியம். நானும் தடவினேன். உடனே நின்றது. எனக்குப் பெருமை வேறு. பிறகு கை வீங்கி, ஜுரம் வந்து, ராத்திரியெல்லாம் முனகினாய். டாக்டரம்மா அந்தப் பசையை உரித்து, புண்ணைத் திறந்து, உள்ளே இருந்த வார்ப்பு மண்ணையும் சீழையும் கழுவி எடுத்தார். "அடைச்சது தப்பில்லைம்மா. உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம அடைச்சதுதான் தப்பு" என்றார். நீ என் சேலையைப் பல்லில் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தாய். அந்த அம்மா சொன்னதை நான் எத்தனை கூட்டில் கை வைத்தபோதும் நினைத்திருக்கிறேன்.

அதனால் போன புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் டாக்டரைப் பார்க்கப் போனேன். அப்பாவுக்கு அன்றைக்கு டெஸ்ட் இருந்தது, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். பீளமேட்டில் அந்த ரோட்டில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காமல் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். "அந்தப் பசையை எனக்குக் காட்டுங்க டாக்டர். பார்க்காம என்ர பையனை உட மாட்டேன்" என்றேன். சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஈரோட்டுப் பக்கத்துக்காரராம், நம் ஆட்களின் வீம்பு அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. யாரையோ கூப்பிட்டு, தேதி முடிந்து ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு ஊசிக்குழாய் பக்கத்தில் பக்கத்தில், இரண்டையும் ஒன்றாகத் தள்ளுவதற்கு ஒரே பிடி, முனையில் ஒரே மூக்கு. நம் யூனிட்டில் இரண்டு டியூப் கலந்து ஒட்டுவோமே, கலக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும், கலந்தால் இறுகும், அதே வித்தைதான். ஆனால் இதில் இருப்பது ரசாயனம் இல்லை. இரண்டுமே மனித ரத்தத்திலிருந்து எடுத்தது. "நம்ம கை வெட்டுனா ரத்தம் தானா உறையுதில்லைங்களா, அந்த வேலைய செய்யற சரக்கு ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒண்ணு வலை மாதிரி பின்னிக்கற சரக்கு. இன்னொண்ணு அதைப் பின்னச் சொல்ற சரக்கு. ரெண்டும் சேர்ற எடத்துல உறைஞ்சிரும். ஃபைப்ரின் பசைன்னு பேருங்க" என்றார். ஒரு எஃகுத் தட்டின் மேல் தள்ளிக் காட்டினார். தண்ணீராக வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்து, பால் ஆடை போலத் தட்டில் பிடித்துக்கொண்டது. தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு கையுறை கொடுத்தார். ரப்பர் மாதிரி இழுத்தது. உரித்தேன், லேசில் வரவில்லை. என் கையில் ஒட்டியிருந்தது யாருடைய ரத்தம் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அதைத்தான் மாமாவும் அப்புறம் கேட்டார். "யாரு எவருன்னு தெரியாதவங்க ரத்தத்துல செஞ்சதை நம்ம பையன் வவுத்துக்குள்ள ஊத்துறதா அம்மணி?" என்று. அடுத்து அவர் எந்தக் கேள்விக்குப் போவார் என்று எனக்குத் தெரியும். அங்கே போகவிடவில்லை. "உங்க இடுப்பு எலும்பு ஒடைஞ்சப்ப ரெண்டு பாட்டில் ஏத்துனாங்களே, அப்ப பேரு ஊரு கேட்டீங்களாங்கண்ணா? உசுரு வேணும்னு படுத்துக் கெடந்தீங்க" என்றேன். கோபத்தில் எழுந்து போய்விட்டார். சாயங்காலம் தோட்டத்து இளநீர் பறித்து அப்பாவுக்குக் கொடுத்தனுப்பினார், அதுதான் அவருடைய மன்னிப்பு. டாக்டர் எனக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்: தானமாகக் கொடுத்த ரத்தத்தில் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் தண்ணீரிலிருந்துதான் இதைப் பிரிக்கிறார்களாம். கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தாலும் சாகிற மாதிரி பக்குவம் செய்துதான் அனுப்புகிறார்களாம். எங்கோ எவரோ நாற்காலியில் சாய்ந்து, கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுப் போயிருப்பார். அவர் நன்றாக இருக்கட்டும். நீ உடம்பு தேறி, டாக்டர் சம்மதிக்கிற காலத்தில், நீயும் ரத்தம் கொடு. சம்மதிக்காவிட்டால் உன் ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிப்போய்க் கொடுக்க வை.

பார்த்துவிட்டேன், தொட்டுவிட்டேன். பயம் போனதா? இல்லை. என் தொழில் புத்தி விடவில்லை. வார்ப்பில் ஊசி முனை ஓட்டை இருந்தால் மேலே பசையைத் தடவிப் பெயிண்ட் அடித்து அனுப்புகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பார்வைக்குப் புதுப் பெண் மாதிரி இருக்கும். கிணற்றில் இறக்கி ஓட்டினால் பல்லை இளிக்கும். பசை என்பது கசிவை நிறுத்தும், அல்லது மறைக்கும். எதைச் செய்கிறது என்று வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? "நீங்க பூசறதுக்கு முன்னால டெஸ்ட் பண்ணுவீங்களா, பூசிப்போட்டு டெஸ்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரிடம் பேசுகிற மாதிரி பேசினார். "வெட்டுன முகத்து மேல சுத்தமான வெள்ளைத் துணிய வெச்சு அமுத்தி எடுப்பேனுங்க. செவப்பு ஒட்டுனா ரத்தக் கசிவு. மஞ்சளா ஒட்டுனா பித்தம் ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகற எடத்தைத் தேடித் தையல் போடுவேன். மறுபடி துணி. துணி வெள்ளையா வந்தாத்தானுங்க பசை. கடைசியில நிக்கிற சின்னச் சின்ன ஊறலுக்கு மட்டும்தான் அது. பசைய நம்பி நான் வயித்தை மூட மாட்டேன்."

நான் கூட்டைக் காய்ந்த துணியால் துடைத்து, காத்திருந்து, மறுபடி துடைத்துப் பார்ப்பேனே, அதேதான். அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அடுத்த கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அந்தப் பசை எத்தனை காலம் தாங்கும் என்றேன். கொஞ்ச நாளில் கரைந்து போய்விடுமாம். "கரைஞ்சு போயிருமா?" என்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். "கரையோணுமுங்கம்மா. அது காவலுக்கு நிக்கறதுதான். அதுக்குள்ள உங்க பையன் உடம்பே அந்த எடத்தை மூடிரும். ஈரலும் திரும்ப வளந்துரும்" என்றார். மூடாவிட்டால்? அதையும் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. பசை பூசியும் சிலருக்குப் பித்தம் கசிந்திருக்கிறது, குழாய் வைத்து வடித்துச் சரி செய்திருக்கிறார்கள், மறுபடி திறக்கவும் நேர்ந்திருக்கிறது. அந்தப் பசை எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதிலேயே டாக்டர்களுக்குள் ஒரே பேச்சு இல்லையாம். ஈரல் கொடுத்தவர் பிழைக்காமல் போனதும் உலகத்தில் நடந்திருக்கிறது, ரொம்ப அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. "நூத்துக்கு நூறுன்னு எந்த டாக்டராவது சொன்னா அவருகிட்டப் போகாதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. நீ யாரிடமிருந்தாவது தெரிந்துகொள்வதைவிட நானே எழுதிவிடுகிறேன். மருந்துக் கடையில் வெளியே சொல்ல முடியாததைக் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர், எம்பையனோடது பொருந்தலைன்னு சொல்லிப்போடுங்க" என்றேன். "ஏதாவது காரணம் சொல்லுங்க. சின்னதா இருக்குதுன்னு சொல்லுங்க. அவனுக்கும் தெரிய வேண்டாம், அவிங்கப்பாவுக்கும் தெரிய வேண்டாம்" என்றேன். வெளியே, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், உன் அப்பா வீங்கின காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரிந்துதான் கேட்டேன். புத்தி கெட்டுக் கேட்கவில்லை. டாக்டர் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அப்படிச் சொல்ற வழக்கம் உண்டுங்கம்மா. கொடுக்கறவரு கடைசி நிமிஷத்துல மனசு மாறி வேண்டாம்னு சொன்னா, பொருந்தலைன்னு மட்டும்தான் ஊட்டுல சொல்லுவோம். காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம். ஆனா அது அவரு கேக்கோணும். நீங்க கேக்க முடியாது." வெளியே வந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார்.

வண்டியில் வரும்போது, சிங்காநல்லூர் தாண்டியதும், என்னால் அடக்க முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி அவரிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதிரி கேட்டுவிட்டு வந்தேன், உங்களை விட்டுவிடச் சொல்லித்தான் கேட்டேன், என்னைத் திட்டுங்கள் என்றேன். அவர் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போன வாரமே கேட்டுப்போட்டேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "உனக்கு முன்னால நானும் அதையேதான் அந்த டாக்டர்கிட்டக் கேட்டேன் புள்ள. பையனோடது ஆகாதுன்னு சொல்லிருங்கன்னு. அந்தாளு அசைய மாட்டீங்கறாரு." இரண்டு பேரும் அந்த ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தோம். டவுன் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவர், "கிளப்பு, பின்னால வண்டி நிக்குது" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரலாம். நான் பெரிய ஆள், என் உடம்பு, நீங்கள் இரண்டு பேரும் பின்னால் போய் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பாய். கேள். ஆபரேஷன் முடிந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறபோது சத்தம் போட்டுக் கேள், நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறேன். ஆனால் டாக்டர் சொன்ன அந்த விஷயம் உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். தியேட்டர் வாசலில் கூட நீ வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால், பொருந்தவில்லை என்று எங்களிடம் வந்து சொல்வார்கள். நான் நம்புவேன். அப்பாவும் நம்புவார். உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டோம், ஆயுசுக்கும் கேட்க மாட்டோம். உனக்குப் பயமே இல்லை என்று நீ நடிப்பதுதான் எனக்குப் பெரிய பயம். சின்ன வயதில் சேலையைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்த பிள்ளை நீ. இந்தத் தடவை கத்து. வலித்தால் நர்ஸிடம் வலிக்கிறது என்று சொல். வயிறு உப்பினாலும், குளிர் எடுத்தாலும், தோள்பட்டையில் வலி என்றாலும், சின்ன விஷயம் என்று விட்டுவிடாமல் சொல். குழாயில் வருகிற நிறம் மாறினால் கூப்பிட்டுக் காட்டு. பக்கத்தில் அப்பா கேட்டுவிடுவார் என்று பல்லைக் கடிக்காதே, அவர் வேறு தளத்தில்தான் இருப்பார். தேறியதும் கம்பெனிக்கு ஓடாதே. உன் மேனேஜர் போன் பண்ணினால் என்னிடம் கொடு.

நேற்று ஆஸ்பத்திரியில் அட்மிஷன் வேலையை முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். அப்பா, நான், மாமா மூன்று பேரும் போனோம். அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் கூட இருக்கலாம். அந்த ஆளுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பாஸ். டாக்டர் வெளியே வந்து பேசினாலும், அவசரத்துக்குக் கையெழுத்து வேண்டுமென்றாலும், அந்தப் பாஸ் போட்டவரைத்தான் கூப்பிடுவார்கள். உன்னை ஒரு தளத்திலும் அப்பாவை அதற்கு மேல் தளத்திலும் வைக்கிறார்கள். கவுண்ட்டரில் இருந்த பெண் இரண்டு பாஸையும் மேஜை மேல் வைத்துவிட்டு, "அம்மா, நீங்க யாருக்கு இருக்கறீங்க?" என்று கேட்டது. சாதாரணமாகத்தான் கேட்டது, பாவம். ஒன்றில் உன் பெயர், ஒன்றில் அவர் பெயர். கையை மேஜை மேல் வைத்தேன், இரண்டையும் தொட முடியவில்லை. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்பாதான் எழுந்து வந்தார். நடக்கவே சிரமப்படுகிறவர், மாமா பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்தார். உன் பெயர் போட்ட பாஸை எடுத்து, கயிற்றின் சிக்கலைப் பிரித்து, என் தலை வழியாக மாட்டி, கொண்டையில் மாட்டிக்கொண்ட கயிற்றை எடுத்துவிட்டார். அவருடைய பாஸை மாமா கையில் கொடுத்து, "மச்சான், எனக்கு நீங்க இருந்துக்குங்க" என்றார். பிறகு என்னிடம், "அவனை உட்டுப்போட்டு எங்கயும் போகாத. என்னையப் பத்தி ஏதாவது சொன்னாலும் மேல ஏறி வந்திராத" என்றார்.

சரிங்க என்று சொல்லிவிட்டேன் கண்ணு.

அம்மா